பழைய புல்லட் வாங்கப் போகிறீர்களா? இன்ஜினுக்கு முந்தி ஆர்.சி. புக்கைப் பாருங்கள்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2023-ல் முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தில் 1986 மாடல் புல்லட் 350 ஒன்றை 95,000 ரூபாய்க்கு வாங்கினேன். அது என் பெயருக்கு மாறி, காப்பீடு போட்டு, பயமில்லாமல் சாலையில் இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒரு வருடம் போய்விட்டது. செலவு மொத்தம் 1,85,000 ரூபாய். அதே வருடம் செப்டம்பரில் அறிமுகமான புதிய புல்லட் 350-யின் ஷோரூம் விலை சுமார் 1,74,000-ல் தொடங்கியது. வாங்கியதற்காக இன்றைக்கும் நான் வருந்தவில்லை. ஆனால் அந்த ஒரு வருடம் தனியாக அலைந்தேன். புல்லட்டின் சத்தத்தைப் பற்றியும் கம்பீரத்தைப் பற்றியும் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருந்தது. ஆர்.சி. புக்கைப் பற்றிச் சொல்ல ஒருவர்கூட இல்லை.

முதலில் எந்த வண்டி என்பதிலேயே பல மாதம் குழம்பினேன். என் வயதுக்காரர்கள் எல்லோரையும் போல எனக்கும் முதல் ஆசை யமஹா ஆர்.எக்ஸ். 100 மேல்தான். 1985-லிருந்து 1996 வரை வந்த வண்டி, வெறும் 98 சிசியில் 11 குதிரைத்திறன். ஓட்டியவர்களுக்குத் தெரியும் அது எப்படிப் பாயும் என்று. ஆனால் அதற்கு இருக்கும் மோகமே அதற்கு எதிரியாகிவிட்டது. ஓரளவு சுத்தமான வண்டிக்கே லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். டேங்க், சைடு பேனல், ஸ்டிக்கர் என்று எல்லாமே புதிதாக அடித்து ஒட்டி ‘ஒரிஜினல்’ என்று விற்கிறார்கள். ராத்திரி தெருவில் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. அடுத்து யெஸ்டி ரோட்கிங். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்தது, 250 சிசி டூ ஸ்ட்ரோக், இரண்டு பக்கமும் சைலன்சர், கிக்கரையே மடக்கினால் கியர் லீவர். எனக்கு மிகவும் பிடித்த வண்டி அது. ஆனால் அந்தத் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. 2022-ல் யெஸ்டி என்ற பெயர் திரும்ப வந்தாலும், புது வண்டியின் சாமான் எதுவும் பழையதற்குச் சேராது. நல்ல கிராங்க், நல்ல கார்புரேட்டர் வேண்டுமென்றால் அதை வைத்திருப்பவரைத் தேடிப்பிடிக்க வேண்டும், அவர் சொல்வதுதான் விலை.

புல்லட்டில் இந்தத் தொல்லை குறைவு. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் செய்யத் தொடங்கிய அந்த 346 சிசி வார்ப்பிரும்பு இன்ஜின் அரை நூற்றாண்டுக்கும் மேல் அடிப்படையில் பெரிதாக மாறவில்லை. அதனால் உள்சாமான் இன்றும் கிடைக்கிறது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்கும், புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும், கோயம்புத்தூரில் வேலை தெரிந்த லேத் பட்டறைகள் இருக்கின்றன. முதன்முறையாகப் பழைய வண்டி வாங்குகிறவருக்கு நான் இன்றைக்கும் புல்லட்டைத்தான் சொல்வேன். எந்த வண்டியாக இருந்தாலும், அழகைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் பிஸ்டனும் கிளட்ச் பிளேட்டும் உங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

வண்டி பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விற்கிறவர் என்னை வாசலிலேயே வரவேற்று, சாவியைப் போட்டு ஒரே கிக்கில் ஸ்டார்ட் செய்து காட்டினார். கறுப்பு டேங்க், கையால் இழுத்த தங்கக் கோடு, அந்தச் சத்தம். மனசு அப்போதே பணத்தைக் கொடுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பின்னாளில் இன்ஜினைப் பிரித்த மெக்கானிக், கரூரில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, நீங்க போனப்ப இன்ஜின் சூடா இருந்துதுங்களா?” சூடாகத்தான் இருந்திருக்கும், நான் தொட்டுப் பார்க்கவில்லை. “பழைய புல்லட்ட குளிர்ந்த இன்ஜின்ல பாக்கோணுங்க. வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு போன்லயே சொல்லிப்போடோணும். போனதும் மொதல்ல சிலிண்டர்ல கைய வைக்கோணும்.” இதைவிடச் செலவில்லாத சோதனை வேறு கிடையாது.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மற்றவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாள் நின்ற புல்லட்டை ஸ்டார்ட் செய்தால் முதலில் புகை கக்கும். இந்த இன்ஜினில் ஆயில் தனி அறையில் இருக்கும். வண்டி நிற்க நிற்க அது மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். அதனால் வரும் புகை சில நிமிடங்களில் அடங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். நன்றாகச் சூடான பிறகும் ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போது நீலப்புகை வந்தால்தான் ரிங்கோ வால்வ் கைடோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே டிக் டிக் என்று கேட்கும் டேப்பெட் சத்தம் சின்ன விஷயம், அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். குளிர்ந்த இன்ஜினில், வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அதுதான் அளவு. ஆனால் கீழே அடிவயிற்றிலிருந்து ‘டொக் டொக்’ என்று, முறுக்கினால் கூடுகிற சத்தம் வந்தால் அது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு. பழைய புல்லட்டில் அந்த இடத்தில் உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ் என்கிற தனியாகச் சுழலும் உலோக வளையம்தான். ஆயில் பார்க்காமல் நெடுஞ்சாலையில் விரட்டிய வண்டியில் முதலில் போவது அதுதான்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. இதைக் கேட்டாலே விற்பவருக்கு உங்கள் மேல் ஒரு மரியாதை வரும்: “போர் இப்ப என்ன சைஸ்ல இருக்கு?” போர் என்பது சிலிண்டரின் உள்துளை. அதை ஒவ்வொரு முறை குடையும்போதும் ஒரு அளவு பெரிய பிஸ்டன் போடுவார்கள். இருபது, நாற்பது, அறுபது என்று பட்டறையில் சொல்வார்கள், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்பது கணக்கு. அறுபது போய்விட்டால் அடுத்து சிலிண்டருக்குள் புது உறை, அதாவது ஸ்லீவ், அடிக்க வேண்டும், அல்லது வேறு சிலிண்டர் தேட வேண்டும். என் வண்டி அறுபதில் இருந்தது.

ஆனால் இன்ஜின் எனக்குத் தொல்லை கொடுத்தது பிற்பாடுதான். முதல் அடி காகிதத்தில் விழுந்தது. 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தபோது ஆர்.சி. புக்கின் ஜெராக்ஸ் மட்டும் காட்டினார். ஒரிஜினல் வீட்டில் இருக்கிறது, மீதிப் பணம் தரும்போது எடுத்துத் தருகிறேன் என்றார். மீதியைக் கொடுத்து, புக்கையும் வாங்கி, வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு வந்தாயிற்று. அன்று இரவு நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது. புக்கில் இருந்தது என்னிடம் விற்றவரின் பெயர் இல்லை. அவர் இன்னொருவரிடமிருந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியிருக்கிறார், பெயர் மாற்றவில்லை. அந்த இன்னொருவர் பெயரும் புக்கில் இல்லை. புக்கில் இருந்தது அவருடைய அப்பா பெயர். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பதிவு 2016-லேயே காலாவதி. கடைசிப் பக்கத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனியின் கடன் முத்திரை, 1986-ல் வைத்தது, நீக்கப்படவே இல்லை. பதிவெண் பழைய மூன்றெழுத்து எண் என்பதால் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் தேடினால் எந்த விவரமும் வரவில்லை.

மறுநாள் விற்றவருக்குப் போன் செய்தேன். “பழைய வண்டின்னா அப்படித்தான் சார், யாரும் பேரு மாத்துறதில்ல, சும்மா ஓட்டுங்க” என்றார். இந்த வார்த்தையை உங்களிடமும் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அப்படி ஓட்டி விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ சட்டத்தின் கண்ணில் அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. செத்துப்போன ஒரு மனிதரின் பெயரில், பதிவு முடிந்த, காப்பீடு போட வழியில்லாத வண்டியை நான் ஓட்டி, யார் மேலாவது மோதிவிட்டால்? அந்த எண்ணம் வந்த பிறகு தெருமுனை வரைக்கும்கூட எடுக்க மனம் வரவில்லை. வண்டி தார்ப்பாயின் அடியில் நின்றது. என் மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தார்ப்பாயின் பக்கம் நாங்கள் இருவருமே திரும்பவில்லை. அந்த வாரம் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இதே சிக்கலை இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு மனசு ஒப்பவில்லை.

பிறகுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். உரிமையாளர் இறந்துவிட்டால் முதலில் வண்டி அவருடைய வாரிசு ஒருவர் பெயருக்கு மாற வேண்டும், அதற்குப் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் அதனுடன் போக வேண்டும். அதன் பிறகுதான் அந்த வாரிசிடமிருந்து எனக்கு, படிவம் 29-ம் 30-ம். கடன் முத்திரையை நீக்கப் படிவம் 35, அதில் கடன் கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, அதற்கு வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பழைய பதிவேட்டில் இருக்கும் விவரத்தை அலுவலகத்தார் கணினியில் ஏற்ற வேண்டும். பேக்லாக் என்று சொல்வார்கள். அது ஏறாத வரை இணையத்தில் எந்த விண்ணப்பமும் போட முடியாது. பழைய பதிவேட்டுப் பக்கத்தைத் தேடி எடுப்பதற்கே பல வாரம் ஆயிற்று.

அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனேன். புக்கில் பெயர் இருந்தவரின் மனைவி இருந்தார். எண்பதை நெருங்கியவர், என்னைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். “அந்த வண்டியா தம்பி? இன்னும் இருக்கா?” என்று கேட்டார். மகன் வண்டியைக் கொடுத்தது அவருக்குத் தெரியும், இத்தனை வருடம் தன் கணவர் பெயரிலேயே அது ஊர் சுற்றியது தெரியாது. அந்த வீட்டில் யாரும் எனக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் வாரிசுகள் நான்கு பேர், அதில் ஒரு மகள் ஓமனில். சம்மதக் கடிதத்தில் அவருடைய கையெழுத்தும் வேண்டும். அவர் விடுமுறைக்கு வரும் வரை காத்திருந்தோம். பைனான்ஸ் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அதன் பங்குதாரர் ஒருவரின் மகன் திருச்சியில் இருப்பதாக அந்த அம்மாதான் சொன்னார். அவர் பழைய லெட்டர்ஹெட்டைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், ஒரு ரூபாய் கேட்கவில்லை. இவர்கள் எல்லோரும் நல்லவர்களாக அமைந்தது என் அதிர்ஷ்டம். ஒரு வாரிசு மறுத்திருந்தாலோ, பணம் கேட்டிருந்தாலோ என் வண்டி இன்றைக்கும் தார்ப்பாயின் அடியில்தான் இருந்திருக்கும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு ஒரிஜினல் புக் கையில் வர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். புக்கில் இருக்கும் பெயரும் எதிரில் நிற்பவரின் ஆதார் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புக்கில் இருப்பவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள், அவரிடமே பேசுங்கள். கடன் முத்திரை இருக்கிறதா, பதிவு எந்தத் தேதி வரை என்று பாருங்கள். எரிபொருள் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை. புல்லட்டில் டீசல் வண்டிகளும் வந்தன, டாரஸ் என்ற பெயரில் கம்பெனியே விற்றது. அந்த டீசல் வண்டிகளில் பிறகு பெட்ரோல் இன்ஜினை ஏற்றியவர்கள் நிறையப் பேர். புக்கில் டீசல், கீழே இருப்பது பெட்ரோல் என்றால் அந்த வண்டியைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும் அன்றைக்கு மாட்டிக்கொள்வீர்கள். சேசிஸ் எண் ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்தில் இருக்கும், இன்ஜின் எண் சிலிண்டருக்கு அடியில் கிராங்க் கேஸில் இருக்கும். இரண்டின் மேலும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுங்கள். எண்களைச் சுரண்டி மாற்றி அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாதது பென்சிலில் தெரியும். இன்ஜின் எப்படிக் கெட்டுக் கிடந்தாலும் லேத்தில் கொடுத்து உயிர் கொடுத்துவிடலாம். சேசிஸ் எண்ணும் புக்கும் ஒத்துப்போகாத வண்டியை எந்த மெக்கானிக்கும் காப்பாற்ற முடியாது. ஓடாத வண்டியாக இருந்தாலும் சரியான புக் இருந்தால் வாங்குங்கள். புக் சரியில்லாவிட்டால், எவ்வளவு அருமையாக ஓடினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

காகிதத்துக்கு ஆன செலவு எனக்கு ஏறக்குறைய 28,000 ரூபாய். இதில் அரசுக் கட்டணம் சிறிய பங்குதான், அதில் பெரும்பகுதியும் காலாவதியான வருடங்களுக்கான அபராதம். மீதி பேருந்து, லோடு ஆட்டோ, நோட்டரி, எழுத்துக்கூலி, வேலையைவிட்டுப் போன நாட்களின் சம்பளம். பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகத்தான் பதிவு நீட்டிப்பார்கள், கூடவே பசுமை வரியும் உண்டு. நான் புதுப்பித்தபோது இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய், தாமதத்துக்குத் தனி அபராதம். 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வருடம் தாண்டிய இருசக்கர வாகனத்துக்கு 2,000 ஆக்கிவிட்டார்கள். சிலர் “விண்டேஜ்னு பதிஞ்சுக்கலாம்” என்று சொல்வார்கள். 2021-ல் வந்த அந்த விதி ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும்தான், கட்டணம் 20,000 ரூபாய், கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு எடுக்கலாமே தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. எண்பதுகளின் வண்டிக்கு அது இப்போதைக்கு உதவாது. காப்பீட்டில் எனக்குக் கிடைத்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 150-லிருந்து 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 1,366 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். வண்டி திருடுபோனால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் பூட்டுக்கும் சங்கிலிக்கும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

எல்லாம் முடிந்து புது புக் கைக்கு வந்தபோது சந்தோஷத்தில் கரூரிலிருந்து குளித்தலை வரை காவிரிக் கரையோரமாகவே ஓட்டிப்போனேன். அந்தக் காலையை விலை போட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. சில வாரம்தான், அடிவயிற்றில் அந்த ‘டொக் டொக்’ ஆரம்பித்துவிட்டது. இன்ஜின் இறங்கியது. கனெக்டிங் ராடு கிட், கிராங்கைப் பிரித்து அழுத்தி நேர் பார்த்தது, வேறு சிலிண்டர், பிஸ்டன், வால்வ், கைடு, ஆயில் பம்ப், பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து 38,500. கிராங்க் வேலையை மட்டும் உள்ளூரில் செய்யாமல் கோயம்புத்தூருக்குக் கொடுத்தனுப்பினார் மெக்கானிக் பெரியவர். “கிராங்க் நேர் இல்லீன்னா மத்ததெல்லாம் வீண்செலவுங்க தம்பி” என்றார். அவர் சொன்னது இன்றுவரை சரியாக இருக்கிறது. வொயரிங், டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள், செயின் ஸ்பிராக்கெட், சீட் என்று மற்றொரு 22,000. பெயின்ட் அடிக்கவில்லை. அந்தத் தங்கக் கோடு கையால் இழுத்தது, அங்கங்கே மங்கினாலும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பலர் வாங்கியதும் முதல் வேலையாகக் குரோமும் பெயின்டும் பண்ணிவிட்டு, பிரேக்குக்கும் டயருக்கும் காசில்லாமல் நிற்கிறார்கள். தயவுசெய்து அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். நிற்க வைக்கும் சாமான் முதலில், ஓட வைக்கும் சாமான் அடுத்து, அழகு கடைசியில். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் வண்டி வாங்குவதில் செலவழிக்க வேண்டாம், மீதிக்கு எப்படியும் வேலை வரும்.

ஓட்டுவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இருபது வருடமாக வலது காலில் பிரேக் பிடித்துப் பழகிய உடம்பு அது. லாலாபேட்டை அருகே ஒரு மாடு குறுக்கே வந்தபோது என் வலது கால் தன்னால் அழுத்தியது கியரை. முன் பிரேக்கும் அந்தக் காலத்து டிரம்தான், அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் பிடிக்கும். மாடு தப்பியது, நானும் தப்பினேன், கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. அதன் பிறகு விடிகாலையில் ஆளில்லாத மைதானத்தில் இடது கால் பிரேக்கை மட்டும் திரும்பத் திரும்பப் பழகினேன். நீங்களும் ஊருக்குள் எடுப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள். வீட்டில் இடது பிரேக் வண்டி, வலது பிரேக் வண்டி இரண்டும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கு நீங்கள் வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள்.

கிக் அடிப்பதும் பழக வேண்டிய ஒன்று. வேகமாக மிதிப்பதில் ஒன்றுமில்லை. சாவியைப் போட்டு மெல்லக் கிக்கரை இறக்கினால் ஆம்பியர் மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். முள் நடுவில் நிற்கும்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு இம்மி கீழே தள்ளி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக முழுசாக மிதிக்க வேண்டும். இப்படிச் செய்தால் பாட்டி கூட ஸ்டார்ட் பண்ணலாம் என்று பெரியவர் சொல்வார். அவசரப்பட்டுப் பாதியில் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிப் படுத்தவர்களை எனக்குத் தெரியும். செருப்போடு மிதிக்காதீர்கள். பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்டின் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பத்து ரூபாய் உப்புத்தாளும் இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும் வைத்துக்கொண்டு அதை நீங்களே பார்க்கக் கற்றுக்கொண்டால், நடுரோட்டில் நிற்கும் பாதிச் சந்தர்ப்பங்களில் யாருடைய உதவியும் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிடலாம். இதுதான் எனக்குப் பழைய வண்டியில் மிகப் பெரிய லாபமாகத் தெரிகிறது. அதில் எனக்குப் புரியாத பெட்டி எதுவும் இல்லை. ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஸ்பேர் பிளக், ஒரு கண்டென்சர், ஒரு கிளட்ச் கேபிள், இவற்றோடு எங்கும் போகலாம். நின்றுபோனால் அதைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இருக்கிறது.

நஷ்டங்களையும் மறைக்க வேண்டாம். அறுபது, எழுபதுக்கு மேல் விரட்டக் கூடாது, விரட்டினால் அந்த மிதக்கும் புஷ் மறுபடியும் போகும். லிட்டருக்கு முப்பதிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். எங்காவது ஒரு சொட்டு ஆயில் கசிந்துகொண்டேதான் இருக்கும். மழைநாளில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எல்லா பங்கிலும் வந்துவிட்டதால் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பழைய பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் ரப்பர் வாஷர்களையும் வாங்கியதுமே மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், அடியில் தண்ணீர் தங்கித் துரு ஏறும். தினம் காலை எட்டரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவர், வீட்டில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது என்பவர், வண்டியைச் சர்வீஸ் விட்டால் மாலையில் தயாராக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், இவர்கள் எல்லாம் புது வண்டியே வாங்கட்டும். இந்தக் காலத்து பிரேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கொடுக்கும் பாதுகாப்பை என் புல்லட் ஒருநாளும் கொடுக்காது. தினசரி ஓட்ட வேறொரு வண்டி வைத்துக்கொண்டு, கையில் கிரீஸ் படுவதை விரும்புகிறவருக்கு, நம்பகமான ஒரு மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் நான் இதைச் சிபாரிசு செய்வேன். மெக்கானிக்கைக் கண்டுபிடித்த பிறகு வண்டியைத் தேடுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் அது உங்களுக்கு லாபம்தான்.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய பழைய வண்டி கொட்டகையில் நிற்கலாம். அதை விற்கும் எண்ணம் இருந்தால், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே படிவம் 29, 30-ல் அவருடைய கையெழுத்தை வாங்கி, வாங்குகிறவருடன் நீங்களே போய்ப் பெயர் மாற்றிக் கொடுங்கள். காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழ் எடுக்கும்போதே வண்டியையும் கணக்கில் சேர்த்து ஒருவர் பெயருக்கு மாற்றிவையுங்கள். வண்டியைக் கொடுத்த தேதி, நேரம், வாங்கியவரின் அடையாள அட்டை நகல் மூன்றையும் பெயர் மாறும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.